மாற்றுச் சிகிச்சைக்குப் பின் குடலில் குருதிக்கசிவு: கறுத்த மலத்தை மறைக்க வேண்டாம்

குருதிப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்காக ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக்கல மாற்றுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவர், தனது மலம் கறுத்திருப்பதைக் கண்டும் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாட்கள் பொறுத்திருக்கக்கூடும். அந்த இரண்டு நாட்களே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஏன் கசிகிறது?

புதிய கலங்களைச் செலுத்துவதற்கு முன்னர் கடுமையான கீமோதெரபியும், சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுக்கப்படுகின்றன. இவை நோயுற்ற என்பு மச்சையை மட்டுமன்றி, வாய் முதல் குடல் வரையுள்ள மென்மையான உட்சவ்வையும் புண்ணாக்குகின்றன. அதே வேளையில் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளும் குறைந்துவிடுகின்றன. சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும் இவை, 10,000 இற்கும் கீழே செல்லும்போது கசிவு இல்லாவிட்டாலும் முற்காப்பாகச் சிறுதட்டுகள் ஏற்றப்படுவது வழமை. கசிவு தொடங்கிவிட்டால் 50,000 இற்கு மேல் வைத்திருக்க வைத்தியர்கள் முயல்வர்.

காலம் சொல்லும் காரணம்

முதல் சில வாரங்களில் உட்சவ்வுப் புண்ணும் சிறுதட்டுக் குறைவும் முக்கிய காரணங்கள். புதிய மச்சை வேலை செய்யத் தொடங்கிய பின்னர் வேறு ஆபத்துகள் வருகின்றன. இன்னொருவரிடமிருந்து பெற்ற கலங்கள், நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கலாம். பெரும்பாலும் முதல் 100 நாட்களுக்குள் தோன்றும் இந்த நிலை குடலைப் பாதித்தால் வயிற்றுவலியும் பெருமளவு நீர்த்த வயிற்றோட்டமும் ஏற்பட்டு, கடுமையாகும்போது குருதியும் வெளியேறும். தோலில் சிவந்த தடிப்பும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்து வரலாம்.

எதிர்ப்புச் சக்தி குன்றியிருப்பதால், உடலில் உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்தெழுந்து குடலில் புண்களை உண்டாக்குவதும் உண்டு.

ஒரே அறிகுறி, எதிரெதிர் மருந்து

கலங்களின் தாக்குதலுக்கு ஸ்டீரொயிட் மூலம் எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். அதற்கு அடங்காதவர்களுக்கான ருக்சோலிட்டினிப் மருந்துக்கு 2019 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸ் காரணமாயின் நிலைமை தலைகீழ்: அதற்குக் கான்சிக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டும், ஸ்டீரொயிட் தொற்றை மேலும் வளர்க்கலாம். எனவேதான், சிறுதட்டு எண்ணிக்கை இடங்கொடுக்கும்போது எண்டொஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கின்றனர். கைமருந்தோ, முன்னர் தந்த மாத்திரையோ இதற்குத் தீர்வல்ல.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

* தார் போன்று கறுத்து, ஒட்டும் தன்மையுடன் துர்நாற்றம் வீசும் மலம் இரைப்பை அல்லது மேற்குடல் கசிவைக் காட்டலாம். சிவந்த குருதி பெரும்பாலும் கீழ்க்குடலில் இருந்து வரும்.
* இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அதுதான் காரணம் என்று தாமாகவே முடிவெடுக்க வேண்டாம்.
* குருதி வாந்தி, தலைச்சுற்று, மயக்கம், வேகமான நாடித்துடிப்பு இருந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.
* வலிக்கு அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோபெனாக் என்பவற்றை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது.
* எனிமா கொடுப்பதையும் மலவாயில் வெப்பமானி வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

தூர இடங்களில் சிகிச்சை பெற்று ஊர் திரும்புவோர், சிகிச்சைச் சுருக்கப் பத்திரம், மருந்துப் பட்டியல், சிகிச்சை அளித்த பிரிவின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். அருகிலுள்ள வைத்தியசாலையில் மாற்றுச் சிகிச்சை பெற்றவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அத்தகையவருக்கு ஏற்றும் குருதியும் சிறுதட்டுகளும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். இல்லாவிடில் அதிலுள்ள வெண்குழியங்கள் நோயாளியின் உடலைத் தாக்கக்கூடும்.

மலத்தின் நிறத்தைப் பற்றிப் பேசுவது வெட்கத்துக்குரியதல்ல. குடலில் கசியும் குருதியை முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர். நோயாளியும் அவரைப் பராமரிப்பவருமே.