எந்த வட்டிலிருந்து எழுவது?

மின்சாரம் வந்ததும் ஒரு சர்வர் விடை காண வேண்டிய முதல் கேள்வி, இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்பதுதான். அந்த விடையை எங்காவது ஓரிடத்தில் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளில் அது எழுதப்படும் இடமும் முறையும் பலமுறை மாறிவிட்டன. குறிப்பு ஒன்று சொல்ல, வட்டு வேறிடத்தில் இருந்தால் சர்வர் எழாது என்பது மட்டும் மாறவில்லை. பூட் கோளாறுகளில் பல இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை.

1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360இல் குறிப்பு இயக்குநரின் கையில் இருந்தது. முகப்புப் பலகையின் மூன்று சுழல் குமிழ்களில் சாதனத்தின் முகவரியை வைத்து லோட் பொத்தானை அழுத்தினால், அந்தச் சாதனத்தின் முதல் 24 பைட்டுகள் நினைவகத்தின் தொடக்கத்தில் வந்து அமரும். அடுத்து எதைப் படிப்பது என்ற கட்டளையும் அவற்றிலேயே இருக்கும். 1977இல் வந்த வாக்ஸ்-11/780இல் குறிப்பு நெகிழ்வட்டுக்குப் போனது. பெரிய இயந்திரத்தை எழுப்புவதற்கென்றே எல்எஸ்ஐ-11 என்ற சிறு கணினி உள்ளே இருந்தது. எந்த வட்டிலிருந்து பூட் செய்வது என்ற கட்டளைக் கோப்பு அதன் எட்டங்குல நெகிழ்வட்டில் இருந்தது. அந்த நெகிழ்வட்டு கெட்டுவிட்டால், ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள இயந்திரம் நல்ல வட்டுகளை வைத்துக்கொண்டே எழாமல் கிடக்கும்.

தனிக் கணினியிலிருந்து வளர்ந்த சர்வர்களின் கதை 1983இல் தொடங்குகிறது. ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி வன்வட்டோடு வந்தபோது, டாஸ் 2.0 வட்டின் முதல் 512 பைட்டுகளை எம்பிஆர் என்ற அமைப்பாக வகுத்தது: நிரலுக்கு 446 பைட், நான்கு பகிர்வுகளின் அட்டவணைக்கு 64 பைட், அடையாளக் குறிக்கு 2 பைட். தனிக் கணினிக்காகச் செய்த இந்தச் சிறு ஏற்பாடு வங்கிகளையும் தொலைபேசி நிலையங்களையும் தாங்கும் சர்வர்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. அதன் குறுகலிலிருந்துதான் பின்னாளைய சிக்கல்கள் பலவும் கிளைத்தன.

446 பைட்டுக்குள் கோப்பு முறைமையைப் படிக்கும் நிரலை எழுத முடியாது. ஆகவே 1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லினக்ஸுக்காக எழுதத் தொடங்கிய லைலோ என்ற பூட் நிரல், கெர்னல் வட்டின் எந்தெந்தப் பிரிவுகளில் கிடக்கிறது என்று எண்களாகவே குறித்துவைத்தது. கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லைலோ கட்டளையை மறுபடி இயக்க மறந்தால் குறிப்பு பழையதாகிவிடும். அடுத்த பூட்டில் சர்வர் நின்றுபோகும். ஆனால் எங்கே நின்றது என்பதைத் தன் பெயராலேயே சொல்லிவிடும் அரிய குணம் லைலோவுக்கு இருந்தது. ஒவ்வொரு கட்டம் கடந்ததும் ஓர் எழுத்து திரையில் விழும். ‘எல்’ மட்டும் வந்தால் இரண்டாம் கட்ட நிரலைப் படிக்க முடியவில்லை. ‘எல்ஐ’ என நின்றால் அது படிக்கப்பட்டும் இயங்கவில்லை. வட்டின் வடிவக் கணக்கில் கணினியின் ஃபர்ம்வேரான பயாஸும் லைலோவும் வேறுபடுகின்றன என்பது வழக்கமான காரணம். ‘எல்ஐஎல்’ என்றால் அந்த எண்கள் அடங்கிய வரைபடக் கோப்பைப் படிப்பதில் தடை. நான்கு எழுத்துகளில் இவ்வளவு துல்லியமாகப் பிழை சொன்ன கருவி அதற்குப் பின்னும் அதிகம் வரவில்லை.

பழைய பயாஸால் 1024 உருளைகளுக்கு அப்பால் படிக்க முடியாது. கெர்னல் அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும் என்பதால், வட்டின் தொடக்கத்தில் பூட்டுக்கென்று ஒரு சிறு பகிர்வை ஒதுக்கும் வழக்கம் வந்தது. எல்லை நீங்கிய பிறகும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்ற பூட் நிரல், கோப்பு முறைமையை நேரடியாகப் படித்தது. ஆனால் வட்டுகளைப் பயாஸ் காட்டும் வரிசையிலேயே அது எண்ணியதால், இரண்டு கட்டுப்பாட்டு அட்டைகள் கொண்ட சர்வரில் தவறான வட்டில் கிரப்பை நிறுவிவிடுவது எளிதாக நேர்ந்தது.

விண்டோஸ் என்டியும் வரிசையையே நம்பியது. பூட்.ஐஎன்ஐ கோப்பில் கட்டுப்பாட்டு அட்டை, வட்டு, பகிர்வு ஆகியவற்றின் எண்கள் இருக்கும். முதன்மைப் பகிர்வுகளை முதலில் எண்ணுவதால், புதிதாக ஒன்றை உருவாக்கினாலே மற்றவற்றின் எண்கள் நகர்ந்துவிடும். கண்ணாடிப் பிரதியாக இரண்டு வட்டுகள் வைத்திருந்தோர், இரண்டாம் வட்டைச் சுட்டும் பூட்.ஐஎன்ஐயோடு ஒரு நெகிழ்வட்டைத் தனியாகத் தயாரித்து வைத்தார்கள். முதல் வட்டு செத்தால் அந்த நெகிழ்வட்டுதான் கதி. கட்டுப்பாட்டு அட்டையை மாற்றி, அதற்குரிய டிரைவரை இயங்குதளத்தில் சேர்க்காமல் விட்டால் 7பி என்ற நீலத்திரைப் பிழை வரும். இன்றுவரை விண்டோஸ் சர்வரை வேறு வன்பொருளுக்கு நகர்த்துவோர் சந்திக்கும் பிழை இது.

சன் நிறுவனத்தின் வழி வேறு. 1989இன் ஸ்பார்க்ஸ்டேஷன் 1இல் வந்த ஓப்பன்பூட், ஃபோர்த் மொழியில் கட்டளை கேட்கும் முழுமையான சூழல். 1994இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரநிலையானது. பூட் ஆகாத இயந்திரத்தின் முன் அமர்ந்து, எந்தெந்த ஸ்கஸி வட்டுகள் உயிரோடு இருக்கின்றன என்று அங்கேயே கேட்கலாம், புதுப் பெயர் சூட்டலாம், அந்தப் பெயராலேயே பூட் செய்யலாம். பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்து வடிவமைத்த ஃபர்ம்வேர் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

சன்னின் இயங்குதளமான சோலாரிஸிலும் கண்ணாடி வட்டுகள் தனிச் சிக்கலைக் கொண்டுவந்தன. இரண்டாம் வட்டில் தரவு நகலானாலும், பூட் நிரலை இன்ஸ்டால்பூட் கட்டளையால் தனியே எழுத வேண்டும். கண்ணாடியை நிர்வகிக்கும் டிஸ்க்சூட் மென்பொருள் தன் நிலைக்குறிப்பின் நகல்களைப் பல இடங்களில் வைக்கும். பாதிக்கு மேல் கிடைத்தால்தான் இயல்பாக எழும். இரண்டே வட்டுகளில் சமமாகப் பிரித்திருந்தால், ஒன்று போனதும் மிஞ்சுவது சரிபாதி. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஓடும். நிறுத்தி எழுப்பினால் ஒற்றைப் பயனர் நிலையில் நின்று, செத்த நகல்களை நீக்கச் சொல்லும். ஹெச்பி-யூஎக்ஸும் இதே பெரும்பான்மைக் கணக்கைப் பார்த்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் கண்ணாடி அமைத்தபின் பாஸ்பூட், பூட்லிஸ்ட் ஆகிய இரண்டு கட்டளைகளையும் இயக்க மறந்தவர்களுக்கு, மறதியின் விலை முதல் வட்டு செத்த நாளில்தான் தெரியவரும்.

எண் வரிசையின் தொல்லையிலிருந்து லினக்ஸ் மெல்ல விலகியது. முதலில் பகிர்வுக்குப் பெயர் ஒட்டினார்கள். பழைய சர்வரின் வட்டைச் செருகினால் ஒரே பெயரில் இரண்டு வந்து நின்றன. பிறகு 128 பிட் யூயூஐடி வந்தது. சேமிப்பகத்தில் அப்படியே படியெடுத்த வட்டுகளில் அதுவும் இரட்டிக்கும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை அப்போது இரண்டாவதை ஏற்ற மறுத்துவிடும்.

பயாஸுக்கு மாற்றாக இன்டெல் தன் இட்டானியம் செயலிக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005இல் யூஇஎஃப்ஐ கூட்டமைப்பின் பொறுப்புக்கு வந்தது. அதனோடு வந்த ஜிபிடி பகிர்வு அட்டவணை எம்பிஆரின் 2 டிபி வரம்பை நீக்கியது. தன் நகலொன்றை வட்டின் கடைசியில் வைத்தது. பூட் வரிசை மதர்போர்டின் நினைவகத்துக்குச் சென்றது. மதர்போர்டை மாற்றினால் அந்த வரிசை தொலையும். பொதுவான மாற்றுப் பாதையில் பூட் கோப்பு இருந்தால் மட்டுமே சர்வர் தானாக எழும். ஃபேட் வடிவிலான பூட் பகிர்வை மென்பொருள் கண்ணாடிக்குள் வைப்பதும் கடினம். ஃபர்ம்வேர் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் இரு பிரதிகளும் பிரிந்துவிடும். இதற்காகவே பல நிறுவனங்கள் இன்று இரண்டு சிறு எம்.2 வட்டுகளை ஒரு தனி அட்டையில் இணைத்து, ஃபர்ம்வேருக்கு ஒரே வட்டாகக் காட்டுகின்றன. ஒரு வட்டு செத்தாலும் குறிப்பு மாறுவதில்லை; அந்த அட்டையே பழுதானால் இரண்டு வட்டுகளும் சேர்ந்தே மறைந்துவிடும்.