இரண்டு அலகு, இரண்டு நீர்

வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைக்கும் கோடியக்கரை உவர்நீரில் மேயும் பூநாரைக்கும் நெடுங்காலைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை என்றுதான் தோன்றும். அலகைக் கவனித்தால் எண்ணம் மாறும்.

நத்தைகுத்தியின் அலகு அடியிலும் நுனியிலும் சேர்ந்திருக்கும். நடுவில் மட்டும் இடைவெளி. பாக்குவெட்டி மாதிரி அந்த இடுக்கில் நத்தையை வைத்துத்தான் ஓட்டை உடைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நாரை மேய்ந்த வயலில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். மேலலகால் நத்தையைச் சேற்றோடு அழுத்திக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை மூடிக்குள் செருகி, சதையைப் பிடித்திருக்கும் தசையை அறுத்து உருவுகிறது. அத்தனையும் கலங்கிய தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை!

பூநாரை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைக்கிறது. நாக்கு வேகமாக முன்னும் பின்னும் ஓடி நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்து மெல்லிய தகடுகளில் சிற்றிறால்களும் பாசியும் தங்கிவிடுகின்றன. அவற்றிலுள்ள நிறமிதான் இறகின் ரோஜா நிறம்.

இவ்வளவு நுட்பமான கருவியோடு இரண்டின் குஞ்சும் பிறப்பதில்லை. நத்தைகுத்திக் குஞ்சின் அலகில் இடைவெளி கிடையாது. பூநாரைக் குஞ்சின் அலகு நேராக இருக்கும். அலகு தேறும்வரை தாய் தந்தையே கதி. முன்னதற்குப் பெற்றோர் நத்தைச் சதையைக் கக்கி ஊட்டுகின்றன. பின்னதற்குத் தொண்டையில் சுரக்கும் சிவந்த பால்.

ஆகவே இரண்டுக்கும் கூடும் இரையும் பிரிக்க முடியாதவை. நம் பாதுகாப்போ ஏதாவது ஒன்றில் நின்றுவிடுகிறது. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஏரிக்கு உரிமைப் பத்திரம் வாங்கிக் காத்தவர்கள். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் பயிருக்கு உரம். ஆனால் 30 ஹெக்டேர் ஏரி, கூட்டுக்கான இடம் மட்டுமே. இரை சுற்றுவட்டாரத்து நெல்வயல்களிலும் சிற்றேரிகளிலும் இருக்கிறது. அங்கே மருந்தடித்து நத்தை போய்விட்டால் கூடு கட்டக் கடம்ப மரங்கள் மட்டும் இருந்து என்ன பயன்? சரணாலயத்தின் 5 கி.மீ. ஆரத்தை 3 கி.மீ. ஆகக் குறைக்க 2020இல் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. வெட்டப்பட இருந்தது பறவையின் சாப்பாட்டு நிலம்.

கோடியக்கரையில் நிலைமை நேர் எதிர். 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் தலம். உப்பளங்களை ஒட்டிய ஆழமில்லாத நீரில் இரை உண்டு. கூடு இல்லை. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகச் சேற்றுமேடு எழுப்பி ஒற்றை முட்டையிடுவது ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால், கட்ச் ரண்ணில். அங்கே மழை பொய்த்துத் தண்ணீர் தேங்காத ஆண்டில் இனப்பெருக்கமே நின்றுபோகும். கோடியக்கரையில் பறவைகளை எண்ணும்போது ரண்ணின் மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நத்தைகுத்திக்கோ வேடந்தாங்கலைச் சுற்றிய நெல்வயல்களின் மருந்துக் கணக்கே போதும்.