முதற்கட்டளையின் சரித்திரம்

மின்சாரம் பாய்ந்த கணத்தில், தன்னிடம் எத்தனை நினைவகம் இருக்கிறது, எந்த வட்டு பொருத்தப்பட்டிருக்கிறது என்று எதையுமே அறியாத நிலையிலிருக்கும் கணினி, முன்னரே விதிக்கப்பட்ட ஒரு முகவரிக்குச் சென்று அங்கே எழுதியிருக்கும் கட்டளையை வாசித்தே உயிர் பெறுகிறது. அந்தக் கட்டளைத் தொகுதியே பயாஸ். அதை எழுதவும் திருத்தவும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற விவகாரமே அதன் சரித்திரத்தை ஆரம்பமுதல் நடத்திவந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1970களின் நடுவில் கேரி கில்டால் தம்முடைய சிபி/எம் இயங்குதளத்தில், யந்திரத்துக்கு யந்திரம் மாறுபடும் பகுதியைத் தனியே பிரித்து அதற்குப் பயாஸ் என்ற பெயரை வழங்கினார். அக்காலத்தில் அது நெகிழ்வட்டில் இருந்தபடியால், யந்திரத்தை விற்றவரும் சில சமயம் வாங்கியவருமே அதைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வது சாதாரண வழக்கமாயிருந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அப்பகுதியை 8 கிலோபைட் அளவில் ரோம் ஐசிக்குள் நிலையாகப் பதித்துவிட்டது. ஆயினும் அதன் மூல நிரல் முழுவதையும், குறிப்புரையோடு, தொழில்நுட்பக் கையேட்டின் பின்னிணைப்பாக அச்சிட்டு விற்கவும் செய்தது. படிப்பதற்குத் தடையில்லை, பிரதி செய்வதற்குத்தான் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. ஆகவே, நிரலைப் படித்தவர்கள் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக்கொடுக்க, அதைக் கண்ணாலும் பாராதவர்கள் அந்த விவரணையைக்கொண்டு புதிதாக எழுதுவது என்ற உபாயம் பிறந்தது. காம்பாக் நிறுவனத்தார் இவ்வழியில் வெற்றி கண்டனர். 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனத்தார் அவ்வாறு எழுதிய பயாஸை வேண்டியவர்க்கெல்லாம் உரிமம் கொடுத்து விற்கத் தொடங்கினர். ஐபிஎம் நிரலையே எடுத்தாண்டதாக வழக்கில் சிக்கிய ஈகிள், கொரோனா நிறுவனங்களோ தங்கள் பயாஸை மாற்றி எழுத நேர்ந்தது.

பின்னர் பயாஸைத் தாங்கிய ஈபிராம் ஐசியின் முதுகில் ஒரு சிறு படிகக்கல் ஜன்னல் இருக்கும். அதைப் புறஊதா விளக்கின் கீழ் கால்மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுத்தால் பழைய எழுத்து அழிந்துபோகும்; பிறகு புதிதாக எழுதலாம். தோஷிபாவில் ஃபூஜியோ மாசுவோகா கண்ட ஃபிளாஷ் நினைவகம் 1990களில் மதர்போர்டுக்கு வந்து சேர்ந்தபோது, விளக்கும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம், ஒரு சிறு நிரலை ஓட்டினாலே போதும் என்று ஆயிற்று. அந்த வசதியோடு அபாயமும் கூடவே வந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஹெச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று, வட்டின் தொடக்கத்தை அழித்ததோடு நில்லாமல் பயாஸையும் சிதைத்து, உலகெங்கும் எண்ணற்ற கணினிகளைத் திரைகூட ஒளிராத ஜடங்களாக்கியது.

பயாஸை மீட்கும் தொழில் தலையெடுத்தது இத்தகைய விபத்துகளால்தான். உற்பத்தியாளர்கள் பூட் பிளாக் என்ற சிறு பகுதியை அழியாமல் காத்து, மற்றவை கெட்டாலும் அது நெகிழ்வட்டைத் தேடி நல்ல பிரதியை ஏற்றும்படி அமைத்தார்கள். அவார்டு பயாஸின் பூட் பிளாக்குக்குப் பழைய ஐஎஸ்ஏ வீடியோ கார்டு மட்டுமே தெரியுமாதலால், வேறு கார்டு வைத்திருந்தவர்கள் திரை இருண்டிருக்க, வட்டு சுழலும் ஓசையை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. துணிந்தவர்களோ, அதே ரகக் கணினி ஒன்றை நல்ல ஐசியால் இயக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஐசியைப் பிடுங்கிக் கெட்டதைச் செருகி எழுதி எடுத்தார்கள்.

லேப்டாப்பில் இந்தத் துணிவுக்கு இடமில்லை. அதில் பயாஸ் ஐசி பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எட்டே கால்கள் கொண்ட அந்த ஐசியை மீட்பவர் முதலில் பேட்டரியைக் கழற்றுகிறார். ஐசியின் மூலையிலுள்ள புள்ளியைக்கொண்டு முதற்காலை அடையாளங்கண்டு, கிளிப்பின் சிவப்பு ஒயர் அப்பக்கம் வருமாறு கவ்வவைத்து, சிஹெச்341ஏ என்ற மலிவான புரோகிராமர் வழியாக உள்ளிருப்பதை வாசிக்கிறார். வந்ததெல்லாம் எஃப்எஃப் என்ற வெற்று எண்ணாகவே இருந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். இருமுறை வாசித்து, இரு பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி நல்ல கைகாரர் எதையும் அழிக்கத் துணியமாட்டார். இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் வரிசை எண், பிணைய முகவரி முதலிய அந்த ஒரு யந்திரத்துக்கே உரிய விவரங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன, பிறிதொரு லேப்டாப்பின் பிரதியை அப்படியே ஏற்றினால் அதன் அடையாளமும் சேர்ந்து வந்துவிடுகிறது. 1.8 வோல்ட்டில் இயங்கும் ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுத்துப் பாழாக்குவோரும் உண்டு.

பயாஸைத் திருத்தும் வேட்கைக்கோ வேறு காரணம் இருந்தது. திங்பேட் லேப்டாப்புகளில், அவற்றை விற்ற நிறுவனம் அங்கீகரிக்காத வைஃபை கார்டைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி யந்திரம் நின்றுவிடும் நிலை இருந்தது. வானொலி அலைவரிசை விதிகளின் பொருட்டே இக்கட்டுப்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. பழைய மாடல்களில் சிமாஸ் நினைவகத்தின் ஒரே ஒரு பிட்டை மாற்றி இதைத் தாண்டினர். பிறகு வந்தவற்றில் பயாஸின் உள்ளே இருக்கும் அனுமதிப் பட்டியலையே திருத்த வேண்டியதாயிற்று. சொந்தப் பணம் கொடுத்து வாங்கிய யந்திரத்தில் எந்தக் கார்டைப் பொருத்துவது என்று இன்னொருவரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அவ்வுணர்வுக்கு உருக்கொடுத்த பிரயத்தனமும் ஒன்று உண்டு. 1999இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக் தொடங்கிய லினக்ஸ்பயாஸ், 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறி, எவரும் படித்துத் திருத்தக்கூடிய பயாஸாக வளர்ந்தது. ஆனால் 2013இல் இன்டெல் கொணர்ந்த பூட் கார்டு, உற்பத்தியாளரின் சாவிக்குரிய முத்திரையை யந்திரத்தின் உள்ளேயே மீளாதபடி எரித்துப் பதிக்க வழிசெய்தது. அவ்வாறு பதிக்கப்பட்ட லேப்டாப்பில் கிளிப் வைத்து மூலப் பிரதியை மீண்டும் ஏற்றலாம். ஆனால் காக்கப்பட்ட பகுதியில் ஒரு பைட்டை மாற்றினாலும் முத்திரை ஒவ்வாமல் யந்திரம் கிளம்ப மறுக்கலாம். எனவேதான் பூட் கார்டுக்கு முந்திய ஆண்டில் வெளிவந்த திங்பேட் எக்ஸ்230ஐ விஷயமறிந்தவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அதன் கைத்தாங்கித் தகட்டைக் கழற்றினால் 8 மெகாபைட், 4 மெகாபைட் ஐசிகள் இரண்டும் அருகருகே கிளிப்புக்கு எட்டும்படி இருக்கின்றன, இவற்றுள் திரைக்கு அருகில் இருக்கும் சிறியதிலேதான் முதற்கட்டளை எழுதப்பட்டிருக்கிறது.