நெஞ்சுக்குள்ளே ஓர் ஆன்டெனா

மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி தூர்தர்ஷன் பார்த்த தலைமுறை நாம். அலைநீளத்தில் பாதியோ கால்வாசியோ இருந்தால்தான் ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்யும் என்று வகுப்பிலும் படித்தோம். அப்பேர்ப்பட்ட சாமான் மனிதனின் தோலுக்கடியில் போய் உட்கார்ந்த வரலாறு சுவையானது.

1958 அக்டோபர் 8. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு, உலகிலேயே முதன்முறையாக, பேஸ்மேக்கர் முழுவதையும் உடலுக்குள் வைத்தார்கள். செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்தியவர் டாக்டர் சென்னிங். அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றியாயிற்று. மாற்றுவது என்றால் மறுபடி கத்திதான்! ஆகவே பாட்டரியில் மிச்சம் பிடிப்பது வெறும் சிக்கனம் இல்லை, நோயாளிக்கு ஒரு ஆபரேஷன் குறைவு.

பின்னாளில் வந்த கருவிகளுக்கு வெளியிலிருந்து கட்டளை கொடுக்க, ஒரு கம்பிச்சுருளை நெஞ்சின் மேலேயே வைக்க வேண்டியிருந்தது. சில சென்டிமீட்டர் விலகினாலும் பேச்சு நின்றுவிடும். 1999-இல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கென்றே ஒதுக்கியது. அனுமதித்த சக்தி வெறும் 25 மைக்ரோவாட். இனி கருவி சில அடி தள்ளியிருந்தும் பேசலாம்.

சிக்கல் இங்கேதான். அந்த அலையின் நீளம் காற்றில் சுமார் 74 செ.மீ. பாதி என்றாலும் 37 செ.மீ. கருவியோ உள்ளங்கைக்குள் அடங்குவது. ஆன்டெனா சிறுக்கச் சிறுக்க அதன் பாண்ட்வித்தும் திறனும் குறையும் என்று வீலர் 1947-லும் சூ 1948-லும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதைத் தாண்ட யாராலும் முடியாது.

கைகொடுத்தது உடம்பிலுள்ள தண்ணீர். தசையின் டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட் இந்த அலைவரிசையில் 57 அளவில் இருப்பதால், உள்ளே அலைநீளம் சுமார் 10 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. மிச்சத்தை ஜிலேபி மாதிரி சுற்றியோ, பாம்பு மாதிரி வளைத்தோ அடக்கிவிடலாம். உடல் திரவம் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க மேலே ஒரு காப்புப்பூச்சு.

ஆனால் அதே தண்ணீர்தான் சிக்னலையும் விழுங்குகிறது. பல வடிவமைப்புகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியே வந்தாலே அதிகம். 2004-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிம், ரஹ்மத்-சமி இருவரும் உடலுக்குள் இருக்கும் ஆன்டெனாக்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இத்துறையில் சோதனை செய்கிறவர்களுக்கு வேண்டிய சரக்கு என்ன தெரியுமா? தண்ணீர், சர்க்கரை, உப்பு! இவற்றை அளவாகக் கலந்தால் தசையைப் போலவே நடந்துகொள்ளும்.

கரைசல் ஒரே மாதிரி இருக்கும். மனிதர்கள் அப்படி இல்லையே. ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன். கொழுப்பு கூடினால் ஆன்டெனாவின் ட்யூனிங் நகர்ந்துவிடும். அதைச் சமாளிக்க பாண்ட்வித் அகலமாக வேண்டும். சின்ன ஆன்டெனாவுக்கோ அது குறைவு. இந்த இழுபறியில் வடிவமைப்பாளர் கோட்டைவிட்டால் கருவி திரும்பத் திரும்பச் சிக்னல் அனுப்பும், பாட்டரி சீக்கிரம் தீரும், நோயாளி மறுபடி மேஜையில் படுக்க வேண்டும்.

பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்த சமன்பாடுகள்தான். யாரோ ஒருவரின் நெஞ்சில் இன்றைக்கும் அவை வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.