சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

இலக்கியத் தொடர் ஒன்றில் ஒலிபெருக்கிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், இந்த உரை உங்களை வந்தடைவது ஒலிபெருக்கி ஒன்றின் வழியாகத்தான். பின்னர் இது பத்திரிகையில் அச்சாகும்போது வாசிப்பவர்கள் சொற்களைக் கண்ணாற் பற்றிக்கொள்வார்கள். வானொலியிற் கேட்பவர்களுக்கோ, பெட்டிக்குள் அதிரும் ஒரு சிறு கூம்புதான் என் வாய். சொல் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று அறிவதும் சொல்லை நேசிப்பவர்களின் கடன் என்றே கருதுகிறேன்.

இதைப்பற்றி எண்ணத் தூண்டியது ஒரு வீட்டு விடயம். சென்ற ஆண்டு என் அண்ணர் தமது வீட்டைத் திருத்திக் கட்டினார். ஹோலுக்குப் புதிதாகச் சீலிங் அடித்து, அதற்குள் நான்கு வட்ட ஸ்பீக்கர்களைப் பதித்தார். மேசையில் ஒன்றுமில்லை, சுவரில் ஒன்றுமில்லை. வெள்ளை வலையால் மூடிய நான்கு வட்டங்கள் மாத்திரம் மேலே தெரியும். வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் அம்மா மட்டும் இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, சத்தம் நல்லாக் கேக்குது. சொல்லுத்தான் விளங்கேல்லை."

அண்ணர் சத்தத்தைக் கூட்டினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "கூட்டாதை. கூட்டக் கூட்ட இன்னும் விளங்கேல்லை" என்றார்.

அடுத்ததாக அம்மாவின் அறைக்கும் அதேபோல இரண்டு பதிப்பதாக இருந்தது. "நீ படிச்சவன்தானே, என்னத்தை வாங்கிறதெண்டு பார்த்துச் சொல்லு" என்று அண்ணர் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். தமிழ் படித்தவனுக்கும் மின்கம்பிக்கும் தூரம் அதிகம். ஆனாலும் நூல்களைப் புரட்டினேன். அம்மா சத்தம் வேறு, சொல் வேறு என்று பிரித்தாரே, அந்த வேறுபாட்டோடுதான் ஒலிபெருக்கியின் வரலாறு முழுவதும் போராடியிருக்கிறது என்பதை அப்போது கண்டேன்.

அம்மாவின் முறைப்பாட்டை ஒத்த ஒன்று, ஸ்பீக்கர் புழக்கத்துக்கு வருமுன்பே எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடம் புதிதாகக் கட்டப்பட்டபோது, அதன் விரிவுரை மண்டபத்தில் பேசுபவரின் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. காரணம் காணும் பணி 1895 இல் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஓர்கன் குழாய், ஒரு நேரங்காட்டி, தம்முடைய காது ஆகியவையே. அந்த மண்டபத்தில் ஒரு ஒலி எழுந்தால் அது அடங்க ஐந்து செக்கன்களுக்கு மேற் சென்றது. அதற்குள் பேசுபவர் பதினைந்து அசைகளைச் சொல்லிவிடலாம். பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவிரவாகக் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று சபைன் அளந்தார். அறையின் கனவளவு கூடினால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும். இந்த விதியைக் கொண்டு அமைக்கப்பட்டதே 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பனி மண்டபம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய இலக்கணம் நினைவுக்கு வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று வகுப்பறையிற் சொல்லிக்கொடுக்கிறோம். பட்டு, பத்து, பற்று ஆகிய மூன்று சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. பொருளை மாற்றுவது நடுவில் வரும் மெய். பேச்சின் வலுவிற் பெரும்பங்கு உயிரொலிகளுடையது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 1000 அதிர்வுகளுக்குக் கீழேதான் பெரிதும் தங்கியிருக்கிறது. மெய்களைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய ஒலிகளோ வலுக் குறைந்தவை. அவற்றின் இடம் 1000 அதிர்வுகளுக்கு மேலே. தளத்துக்கு மாபிள், சுவருக்குப் பூச்சு, யன்னலுக்குக் கண்ணாடி என்று அமைந்த அறையில், முந்திய உயிரின் எதிரொலி அடங்குமுன் அடுத்த மெய் வந்து அதற்குள் அமிழ்ந்துபோகிறது. முதுமையிற் செவி முதலில் இழப்பதும் அந்த மேல் அதிர்வுகளைத்தான். சத்தத்தைக் கூட்டினால் உயிரும் கூடும், எதிரொலியும் கூடும்; மெய் மீளாது. "கூட்டக் கூட்ட விளங்கேல்லை" என்று அம்மா சொன்னதில் இம்மியும் பிழையில்லை.

தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை விளக்குகிறது. இத்தனை உறுப்புகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே ஒரு கூம்பினால் எவ்வாறு செய்விப்பது? இதுவே ஒலிபெருக்கியை ஆக்கியவர்களின் முன்னிருந்த கேள்வி.

காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளை வைத்து மின்னோட்டத்தால் அதை அசைக்கும் உபாயத்தை ஜேர்மனியரான வேர்னர் வொன் சீமன்ஸ் 1874 இலேயே தமது உரிமப் பத்திரத்தில் விபரித்திருந்தார். இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் 1898 இல் அதைச் செம்மைப்படுத்தினார். பெரிய கூட்டத்துக்கு அதைப் பயன்படுத்திக் காட்டியவர்கள் பீற்றர் ஜென்சனும் எட்வின் பிரிட்ஹாமும் ஆவர். 1915 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், சன்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டம் அவர்களது கருவியின் மூலம் பேச்சையும் பாட்டையும் கேட்டது. அக்கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் மக்னவொக்ஸ். இலத்தீனில் அதற்குப் பெருங்குரல் என்று பொருள். அவர்களது ஸ்பீக்கரின் வாயில் நீண்ட குழல் இருந்தது. நம்மூர்க் கோயில் திருவிழாவில் தென்னையிலும் கம்பத்திலும் கட்டும் குழல் ஸ்பீக்கரின் முன்னோர் அவை. அந்தக் குழல் கனத்த ஒலிகளைத் தராது. ஆனால் மெய்யொலிகள் வாழும் இடையிலுள்ள பகுதியை நன்றாகக் கொண்டுசெல்லும். இரண்டு தெருவுக்கு அப்பாலும் அறிவிப்பு விளங்குவதற்கு அதுவே காரணம்.

வீட்டுக்குள் இனிமையாகக் கேட்கும் கூம்பு ஸ்பீக்கரின் இலக்கணத்தை 1925 இல் எழுதியவர்கள், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்ரர் றைசும் எட்வேர்ட் கெலொக்கும். இன்று உலகில் உள்ள பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அவர்களுடைய அமைப்பின் வழிவந்தவை. கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே காற்று ஐதாகிறது. இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றிவந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். கனத்த ஒலி காணாமற்போகும். ஆகவே கூம்பை ஒரு பலகையிற் பதித்து முன்னையும் பின்னையும் பிரிக்கவேண்டும். அண்ணரின் வீட்டில் அந்தப் பலகை சீலிங்தான். சீலிங் மெல்லியதாகவோ சரியாக இறுக்கப்படாமலோ இருந்தால் அதுவும் சேர்ந்து நடுங்கும்.

அதே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி, கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அமைத்த கருவியால் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியிருந்தார். நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த ஊடகத்தின் தொடக்கம் அது.

ஸ்பீக்கர் சீலிங்குக்கு ஏறிய கதை வேறு. கம்பிவழியாக இசையை அனுப்பும் முயற்சியில் ஈடுபட்ட அமெரிக்கத் தளபதி ஜோர்ஜ் ஓவன் ஸ்குவயர், மியூசிக் என்ற சொல்லையும் கொடாக் என்ற பெயரையும் இணைத்து 1934 இல் மியூசாக் என்ற பெயரை உண்டாக்கினார். உணவகத்திலும் கடையிலும் தொழிற்சாலையிலும் பின்னணியில் ஓடும் இசை அது. ஒருவரும் உற்றுக் கேட்கவேண்டிய இசை அல்ல. அத்தகைய இடங்களுக்குச் சீலிங் ஸ்பீக்கர் மிகப் பொருத்தம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எங்கும் ஒரேயளவாகப் பரவுவதே அங்கு வேண்டப்படுவது.

சொல்லுக்கு வேண்டப்படுவது இதற்கு எதிரானது. ஜேர்மனியின் கொற்றிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949 இல் முடித்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து, ஏறத்தாழ ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு இடைவெளிக்குள் முன்பின்னாக வந்தால், காது அதை ஒன்றாகவே கேட்கும். முதலில் வந்த திசையையே நம்பும். லண்டன் சென்ற் போல் தேவாலயத்தில் 1950களின் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். தூரத்து ஸ்பீக்கர்களின் ஒலியைச் சற்றுத் தாமதிக்கவைத்து, குரல் பிரசங்கியாரிடமிருந்தே வருவதாகக் காதை உணரச் செய்தார்கள். சொல்லைப் பிடிக்க, சொல்பவர் இருக்கும் இடம் காதுக்குத் தெரியவேண்டும்.

1980களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் சொனான்ஸ் நிறுவனம் சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர்களை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. டொல்பி அட்மொஸ் என்ற முறை 2012 இல் திரையரங்குக்கும் 2014 இல் வீட்டுக்கும் வந்தபின், சீலிங் ஸ்பீக்கர் மேலும் மதிப்புப் பெற்றது. ஆனால் அந்த முறையிலும், மழையும் ஆகாயவிமானமும் மேலிருந்து வரும். பாத்திரங்களின் உரையாடல் பெரும்பாலும் திரையின் பக்கமிருந்தே வரும். செய்தவர்களே பேச்சைச் சீலிங்கில் வைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, என் தேர்வுக்கு வருகிறேன். அம்மாவின் அறைச் சீலிங் பத்தடி உயரம். கதிரையில் இருப்பவரின் காது நாலடியில். இடைவெளி ஆறடி. ஸ்பீக்கர் ஒவ்வொரு பக்கமும் 45 பாகைக்கு ஒலியைச் சரியாகப் பரப்பினால், காதின் மட்டத்தில் பன்னிரண்டடி அகலமான வட்டம் கிடைக்கும். வட்டத்துக்கு வெளியே மேல் அதிர்வுகள், அதாவது மெய்யொலிகள், முதலில் மங்கும். எட்டு அங்குலக் கூம்பு 1700 அதிர்வுகளுக்கு மேலே போகப்போக ஒலியை ஒடுங்கிய கற்றையாகவே அனுப்பும். ஆகவே நடுவில் தனியான சிறு ஸ்பீக்கர் இருக்கவேண்டும்; அதைக் கேட்பவரின் பக்கம் திருப்பக்கூடியதாயின் நல்லது. பின்புறம் மூடிய பெட்டியுள்ளது சிறந்தது. இல்லையேல் ஒலி கூரைக்குள் ஒழுகும், கூரையின் தூசு கூம்பில் விழும். கடைகளுக்கான 100 வோல்ற் ஸ்பீக்கரை வீட்டு அம்பிளிஃபையருக்குத் தவறுதலாக வாங்கிவிடக்கூடாது. அதற்கு வேண்டியது பெரும்பாலும் 8 ஓம். எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: பழைய வீட்டுச் சீலிங் அஸ்பெஸ்ரஸ் தகடானால் அதில் துளை போடவே வேண்டாம். வெட்டும்போது பறக்கும் தூசு சுவாசப்பையைக் கெடுக்கும்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். அம்மாவின் கட்டில் மூலையில் இருந்தது. சீலிங்கின் நடுவில் எதைப் பதித்தாலும் அவருடைய காது வட்டத்தின் விளிம்பிற்தான் இருக்கும்.

அப்போது 1990களின் முற்பகுதி நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறியும் கிடையாது. அண்ணர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் சிறிய றேடியோ பேசும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அம்மா அதற்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்திருப்பார். அப்பா அப்போது வேறு மாவட்டத்தில் வேலை. அந்த ஊரின் பெயர் செய்தியில் வருகிறதா என்றுதான் அம்மா கேட்டார். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து விளங்காமற்போனால் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. அந்தச் சிறிய றேடியோவில் சத்தம் மிகக் குறைவு. ஆனால் ஒரு சொல்லும் தவறியதாக எனக்கு நினைவில்லை.

அண்ணரிடம், "அம்மாவின்ரை அறைக்குச் சீலிங் ஸ்பீக்கர் வேண்டாம்" என்றேன். அவருக்கு முழு விருப்பமில்லை. பிறகு சைக்கிளை நினைவுபடுத்தினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். கட்டில் அருகே, காதின் மட்டத்தில், மூன்றடி தூரத்தில் சிறிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்றை வைத்தோம். ஹோலில் உள்ளவை பாட்டுக்கென்று அப்படியே இருக்கின்றன. அங்கே தடித்த திரைச்சீலையும் ஒரு பெரிய விரிப்பும் போட்டபின் அவையும் முன்னிலும் தெளிவு.

முதல்நாட் செய்தியை அம்மா முழுவதும் கேட்டார். முடிந்ததும், "தம்பி, கொஞ்சம் குறைச்சு விடு. பக்கத்திலை இருந்து கதைக்கிறவைக்கு இவ்வளவு சத்தம் என்னத்துக்கு?" என்றார்.

ஸ்பீக்கர் வாங்கப்போகும் நேயர்களுக்கு ஒன்று சொல்லலாம். கடையில் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். பாட்டு எதிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் செய்தியைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். முடியுமானால் வீட்டிலுள்ள முதியவரையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு விளங்குகிறதா என்று கேளுங்கள்.