நம் மண்ணின் எல்லைக் கோடுகள்

எல்லை என்றதும் எங்கோ தொலைவில் படைவீரர் காவல் நிற்கும் இடமே நம் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர்க்கோ எல்லை என்பது நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1752இல் கோவளம் கோட்டையும் செங்கல்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன; அவ்வாண்டிலேயே கிளைவ் இரண்டையும் பிடித்தார். சதுரங்கப்பட்டினமோ ஒல்லாந்தருடையது. ஆகவேதான், போரை நிறுத்துவது பற்றிப் பேச 1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே கூடினர். இரு தரப்புக்கும் பொதுவான இடம் அதுவே. பிரெஞ்சுத் தூதருள் ஒருவர் புதுச்சேரி இயேசு சபைக் குருவான லவோர் அடிகளார். பேச்சு முறிந்தது என்பது வேறு கதை. 1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். சதுரங்கப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயரிடம் சென்று, 1818இல் ஒல்லாந்தரிடம் திரும்பி, 1825இல் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவ்வளவிலும் ஊராரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

திருச்சபையிலும் இப்படி ஒரு கோடு இருந்ததை மறைப்பானேன்? போர்த்துக்கல் மன்னரின் ஆதரவில் 1606இல் எழுந்த மயிலை மறைமாவட்டம் ஒருபுறம், உரோமையின் நேர் ஆளுகையில் 1832இல் தொடங்கிய சென்னை மறைத்தளம் மறுபுறம். இரண்டும் ஒன்றானது 1952இல்தான்.

மறு ஆண்டே எல்லைக்கு வேறொரு பொருள் வந்தது. இப்போது கோட்டை மதில் அன்று, பேசும் மொழியே அளவுகோல். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்ததும் நம் செங்கல்பட்டு மாவட்டம் எல்லை மாவட்டமாயிற்று. ம.பொ.சி. போன்றோர் திருத்தணிக்காகப் போராடிச் சிறை சென்றனர். பின்னர் பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்தார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி நம் மாவட்டத்தில் சேர்ந்தது. சத்தியவேடு முதலான ஊர்கள் அப்பக்கம் சென்றன. திருத்தணியைக் கொண்டாடிய நாம், அப்பக்கம் போன தமிழ்க் குடும்பங்களை அவ்வளவாக நினைப்பதில்லை. 1997இல் மாவட்டம் பிரிந்தபோது அந்த எல்லை திருவள்ளூரின் பங்காயிற்று; செங்கல்பட்டு என்ற பெயரும் அரசு மாவட்டப் பட்டியலிலிருந்து போயிற்று. அப்பெயரில் 2002இல் மறைமாவட்டம் உருவானது. அரசு மாவட்டம் 2019 நவம்பர் 29இல்தான் வந்தது. இவ்விஷயத்தில் திருச்சபை முந்திக்கொண்டது!

இன்று நம் மாவட்டம் எந்த அண்டை மாநிலத்தையும் தொடவில்லை. ஆயினும் பாலாறு தொடுகிறது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடி, வாயலூரில் கடலை அடைய வேண்டிய ஆறு அது. 1892இல் மைசூரும் சென்னையும் ஆற்று நீர் குறித்து உடன்படிக்கை செய்தபோது குப்பம் சென்னை மாகாணத்தில் இருந்தது; 1953க்குப் பின் அது அயல் மாநிலம். அந்த 33 கிலோமீட்டரில் எழுந்த தடுப்பணைகளும், கணேசபுரத்தில் திட்டமிட்ட அணையும் வழக்காயின; 2006இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. குப்பத்து உழவருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடைமடையில் இருப்பவர் நாம். ஆற்றில் பல ஆண்டு மணலையே கண்டோம். மணலும் லாரியில் போயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாயலூர் பாலத்துக்குச் சென்று, ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் காட்டினோம்.