கடிதம் சுமந்த கட்டுமரம்

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாற்றில் நின்று பார்ப்பவர்க்குக் கடல் தெரியாது. எனினும் அவ்வட்டாரத்தின் வழியே ஓடும் சங்கராபரணி கடலை நோக்கியே போகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வில்லியனூரைக் கடந்து, பின் இரு கிளைகளாகிக் கடல் சேர்கிறது. அவற்றில் ஒன்றான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடாகிய பெரிப்ளூஸ் குறிப்பிடும் 'பொதுகே' துறை இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கரையை ஒட்டியே ஓடிய உள்நாட்டுக் கலங்களையும், மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்ற பெருங்கலங்களையும் அந்நூல் தனித்தனியே சொல்கிறது. மரத்தோடு மரத்தைப் பிணைத்துக் கடலில் இறங்கும் வழக்கம் இக்கரைக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

தனியொருவர் சிறு படகில் கடலோடுவது என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஜோஷ்வா ஸ்லோகம். 1895இல் புறப்பட்டு 1898இல் திரும்பி, தன்னந்தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். அவர் பயணத்தை நாம் அறிந்திருப்பதற்குக் காரணம், அவரே அதை நூலாக எழுதியதுதான். ஆனால் சோழமண்டலக் கரையில் ஒற்றை மனிதன் கடலோடுவது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அன்றாட வேலையாக இருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை.

சான்றுகள் இல்லாமல் இல்லை. 1583ஆம் ஆண்டையொட்டி சாந்தோம் வந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி, மரங்களைக் கட்டிச் செய்த இக்கலத்தின் அமைப்பையும் பெயரையும் தம் மொழியில் இயன்றவாறு எழுதிவைத்தார். 1697இல் நூல் வெளியிட்ட வில்லியம் டாம்பியர், ஒரே ஆளைத் தாங்கும் சிறு கட்டுமரங்களை இக்கரையில் கண்டதைக் கூறுகிறார். அதில் செல்பவனின் கால்கள் எப்போதும் நீரிலேயே கிடக்கும் என்பது அவர் கவனித்த செய்தி. 1812இல் நூல் வெளியிட்ட மரியா கிரகாம், சென்னைக் கட்டுமரக்காரர் பாயால் முடைந்த கூம்புத் தொப்பி அணிந்து, அதற்குள் கடிதங்களை நனையாமல் வைத்திருந்ததை எழுதினார்.

தொப்பிக்குள் கடிதம் வைக்கும் தேவை ஏன் வந்தது? அன்று சென்னையிலோ புதுச்சேரியிலோ கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் வரிசை வரிசையாக உடையும் அலைகள். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தரைதட்டிச் சிதறும். எனவே சரக்கும் பயணிகளும் சலங்கில் ஏறினர். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகள் அலையின் அடிக்கு வளைந்து கொடுத்தன. புதுச்சேரியின் கப்பல் வரவையும் கடிதங்களையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பில் பதிவு செய்த காலத்தில் இதுவே நடைமுறை.

சலங்கும் இறங்கத் தயங்கும் நாளில் கட்டுமரம் இறங்கும். அதற்கு உள்ளறை இல்லை. ஆகவே நீர் நிறைந்து மூழ்கவும் வழியில்லை. மரங்களின் இடுக்கில் ஏறிய நீர் அதே இடுக்கில் வடிந்துவிடும். அலை ஆளைத் தூக்கி எறிந்தால் அவன் நீந்திவந்து மீண்டும் ஏறிக்கொள்வான். குதிகால்மேல் அமர்ந்து, துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றிப் போடுவான். அலை கடந்ததும் முக்கோணப் பாயை விரிப்பதும் உண்டு. விடியலில் நிலக்காற்று அவனைக் கடலுக்குள் கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று கரைசேர்க்கும். கரை திரும்பியபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் மறுநாள் கனத்துவிடும் அல்லவா?

இங்கே நம் பெருமிதம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'கேட்டமரான்' தமிழன் கண்டுபிடித்தது என்று மேடைதோறும் முழங்குகிறோம். உலகம் இன்று அப்பெயரால் அழைக்கும் இரட்டை உடல் படகு வேறு வகையைச் சேர்ந்தது. அதன் மூதாதைகள் பசிபிக் தீவுகளில் உள்ளன. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' போன்ற படகுகளால் அது மேலை நாடுகளில் பரவியது. சொல் மட்டுமே நம்முடையது. சொல் உலகைச் சுற்றிவிட்டது. அதற்குரிய கலமும் கலத்தில் இருந்த மனிதனும் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

அம்மனிதனை வீரனாக்கிப் பாடுவதும் முறையன்று. ஸ்லோகம் தானே விரும்பிப் போனார். கட்டுமரக்காரனைப் பசியும் பிறப்பால் வாய்த்த தொழிலும் அனுப்பின. அவன் சுமந்த கடிதங்களை அவனால் வாசிக்க முடிந்திருக்காது. அவற்றை எழுதியவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. கடலில் போனவர் எழுதவில்லை; எழுதத் தெரிந்தவர் கடலில் போகவில்லை. நம் கடல்சார் வரலாற்றின் பெரும் வெற்றிடம் இதுதான்.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, 2025 மே இறுதியில் உலகைச் சுற்றித் திரும்பிய இரு கடற்படை அதிகாரிகளுள் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. அது தனிப்பயணம் அன்று, இருவர் பயணம். எனினும் இக்கரையைச் சேர்ந்த ஒருவரின் கடல்வழி நாள் தவறாமல் பதிவானதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் கட்டுமரத்தின் கதை முடிவை நெருங்குகிறது. முன்பே குறைந்துவந்த மரக்கலங்களின் இடத்தை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. மீனவர் அதை வரவேற்றதில் பிழை காண நமக்கு உரிமை இல்லை; நீரில் கால் ஊறக் கிடந்தவர்கள் அவர்கள். நம்மால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒற்றை ஆளாய்க் கட்டுமரம் செலுத்திய முதியவர்கள் மீனவக் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். முன்னோர் செய்யத் தவறியதை நாமும் தவறவிடலாகாது.